யோசனைப் பெட்டி வைத்தோம், சில மாதங்களில் காலியாகிவிட்டது. பரிசுத்தொகையை உயர்த்தினால் சரியாகுமா?

உயர்த்த வேண்டாம். அந்தப் பணத்தை, ஏற்கெனவே வந்த யோசனைகளைச் செய்து முடிக்கச் செலவிடுங்கள்.

நீங்கள் எழுதியிருக்கும் விவரத்தில் பரிசைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. முதல் மாதம் பெட்டி நிரம்பியது, பரிசீலனைக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடுகிறது, எழுதிப் போட்டவர்களில் யாருக்கும் இன்னும் பதில் போகவில்லை என்கிறீர்கள். ஆட்கள் எழுதுவதை நிறுத்த அதுவே போதும். நான் உற்பத்திப் பிரிவில் பல வருடங்கள் வேலை பார்த்தவன், இப்படி ஒரு திட்டத்தை நடத்தும் பொறுப்பும் என்னிடம் இருந்தது. ஒரு ஆபரேட்டர் சீட்டில் எழுதிப் போட்டுவிட்டு முதல் வாரம் ஆவலோடு இருப்பார். இரண்டாவது வாரம் சூப்பர்வைசரிடம் கேட்பார். அதற்கப்புறம் கேட்கமாட்டார். பக்கத்து மெஷின்காரர் எழுத உட்கார்ந்தால் "எதுக்கு வீண் வேலை?" என்று சொல்வதும் அவராகவே இருப்பார்.

இந்த ஏற்பாடு புதிதல்ல. ஸ்காட்லாந்தின் டம்பார்டனில் இருந்த வில்லியம் டென்னி கப்பல் கட்டும் நிறுவனம் 1880-லேயே தொழிலாளர்களின் யோசனைகளுக்குப் பரிசு கொடுக்க ஒரு குழு அமைத்தது. அமெரிக்காவில் கல்லாப்பெட்டி இயந்திரம் செய்த நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனம் 1890-களில் தொடங்கியது, கேமரா நிறுவனமான ஈஸ்ட்மன் கோடக் 1898-ல். கோடக்கில் முதல் பரிசு வாங்கிய யோசனை என்ன தெரியுமா? வேலை நடக்கும் அறைகளின் ஜன்னல் கண்ணாடிகளைக் கழுவினால் வெளிச்சம் நன்றாக வரும் என்பதுதான். பரிசு 2 டாலர். இன்று பல நிறுவனங்களில் இதைக் குழுவின் முன்னால் வைத்தால் "இது ஹவுஸ்கீப்பிங் விஷயம், யோசனை அல்ல" என்று ஓரம் கட்டிவிடுவார்கள். அப்படித் தள்ளாமல் ஏற்றுக்கொண்டதால், எவ்வளவு சின்ன விஷயமாக இருந்தாலும் சொல்லலாம் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்துபோயிருக்கும்.

டொயோட்டா கதையும் உங்களுக்கு நேரடியாகப் பயன்படும். 1950-ல் அந்த நிறுவனத்தின் நிர்வாகிகளில் ஒருவரான எய்ஜி டொயோடா அமெரிக்கா போய் ஃபோர்டின் ரூஜ் கார் ஆலையைச் சுற்றிப் பார்த்தார். அங்கே பார்த்தவற்றில் ஒன்று ஊழியர் யோசனைத் திட்டம். அடுத்த வருடமே, 1951-ல், டொயோட்டாவில் அதைத் தொடங்கினார்கள். ஆனால் அவர்கள் நடத்திய விதம் வேறு. பெரிய சேமிப்பு தரும் ஓரிரு யோசனைகளுக்குப் பெருந்தொகை என்று போகாமல், ஒவ்வொருவரும் தன் கைக்கு எட்டும் வேலையில் சின்னச் சின்னத் திருத்தங்களைச் சொல்ல வேண்டும், அதில் பெரும்பாலானவை உடனே நடைமுறைக்கு வர வேண்டும் என்று வைத்துக்கொண்டார்கள். பரிசு பெரும்பாலும் சிறு தொகைதான். யோசனையைத் தீட்டிக் கொடுக்க உதவுவது மேற்பார்வையாளரின் அன்றாட வேலையாகிவிட்டது.

பெரும் பரிசு ஏன் எதிர்ப்பக்கமாக வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் நிர்வாகம் இப்போது அந்தப் பக்கம்தான் சாய்கிறது. முதல் வருடச் சேமிப்பில் இத்தனை சதவீதம் என்று அறிவித்த உடனே யோசனை சொத்தாகிவிடும். டீ நேரத்தில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தபோது பிறந்த விஷயத்துக்கு யார் உரிமையாளர்? முன்பெல்லாம் வாய்விட்டுச் சொன்னவர்கள், அடுத்தவன் எழுதிப் போட்டுவிடுவானோ என்று அடக்கி வைப்பார்கள். மெயின்டெனன்ஸ் ஆட்களும் இன்ஜினியர்களும் "இது உங்கள் வேலையிலேயே சேர்ந்தது" என்று திட்டத்துக்கு வெளியே நிறுத்தப்படுவார்கள். அப்படி நிறுத்தப்பட்டவர்களுக்கு மற்றவரின் யோசனையைச் செய்து கொடுக்க என்ன ஆர்வம் இருக்கும்? சேமிப்பு எவ்வளவு என்ற கணக்கிலும் சண்டை வரும். நிர்வாகம் குறைத்துக் காட்டுகிறது என்று ஊழியர் நினைப்பார், ஊழியர் ஊதிக் காட்டுகிறார் என்று கணக்குப் பிரிவு நினைக்கும். ஜெர்மனியில் ஊழியர் மன்றம் (ஊழியர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளின் அமைப்பு) உள்ள நிறுவனங்களில் யோசனைத் திட்டத்தின் அடிப்படை விதிகளை நிர்வாகம் தனியாக வகுக்க முடியாது, மன்றத்தோடு பேசி உடன்பட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. இந்த இடம் எவ்வளவு எளிதாகப் புண்படும் என்பதற்கு அதுவே அடையாளம்.

பரிசே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நிறைவேறிய ஒவ்வொரு யோசனைக்கும் ஒரே மாதிரி சிறு தொகை கொடுங்கள். பெரிய சேமிப்பு கிடைத்தால் அந்தக் குழு முழுவதற்கும் பங்கு கொடுங்கள். 1930-களில் அமெரிக்க எஃகுத் தொழிற்சங்கத்தைச் சேர்ந்த ஜோசஃப் ஸ்கேன்லன் இந்த வழியில் யோசித்தார். செலவு குறைந்தால் அதன் பலனைத் தனி ஆளுக்குக் கொடுக்காமல் ஆலையில் உள்ள எல்லோருக்கும் பகிர வேண்டும், யோசனைகளைத் தொழிலாளர்களும் நிர்வாகமும் சேர்ந்த குழுக்கள் பரிசீலிக்க வேண்டும் என்பது அவருடைய ஏற்பாடு. ஒருவர் சொன்னதை இன்னொருவர் செம்மைப்படுத்த அதில் தடையே இல்லை.

சரி, பணம் உண்மையில் மிச்சமாகுமா? ஆகும். ஆனால் எங்கே ஆகிறது என்று பார்க்கத் தெரிய வேண்டும். நான் வேலை பார்த்த இடத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இரவுக் காவலுக்கு இருந்த பெரியவர் ஒருவர் ஒருநாள் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் என்னிடம் வந்து, "சார், லீவு நாளில் மெஷின் ஒன்றும் ஓடுவதில்லை, ஆனால் கம்ப்ரசர் மட்டும் நின்று நின்று ஓடிக்கொண்டே இருக்கிறது, அது சரிதானா?" என்று கேட்டார். அவரிடம் யாரும் யோசனை கேட்டதில்லை. பெட்டி அவர் உட்காரும் இடத்தில் இருக்கவும் இல்லை. கம்ப்ரசர் என்பது மெஷின்களுக்கு அழுத்தக் காற்று தரும் இயந்திரம். உற்பத்தி நின்ற நேரத்தில் அது காற்றை நிரப்பிக்கொண்டே இருந்தால் அந்தக் காற்று முழுவதும் கசிவில்தான் போகிறது. சரியாகப் பராமரிக்காத ஆலைகளில் கம்ப்ரசர் தரும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் வரை இப்படிப் போவது சாதாரணம். அடுத்த விடுமுறை நாளில் இரண்டு பேர் காற்றுக் குழாய் நெடுகக் காது வைத்துக்கொண்டே நடந்தார்கள். உஸ்ஸென்று சத்தம் வந்த இடத்திலெல்லாம் சீட்டு கட்டினார்கள். பெரும்பாலும் தேய்ந்த ஹோஸ், தளர்ந்த கிளாம்ப், மூடாமல் விட்ட வால்வு. செலவு மிகக் குறைவு. கசிவுகளை அடைத்ததும் காற்றழுத்தத்தையும் குறைக்க முடிந்தது. 7 பார் (காற்றழுத்தத்தின் அலகு) அளவில் ஓடும் கம்ப்ரசரில் 1 பார் குறைத்தால் மின்சாரம் ஏறக்குறைய 7 சதவீதம் குறையும். மின்கட்டணத்தில் அது கண்ணால் பார்க்கக்கூடிய வித்தியாசம்.

இந்தச் சேமிப்பு யாரும் மறுக்க முடியாதது. எல்லா யோசனையும் அப்படி இருக்காது. "இந்த மேஜையைத் திருப்பிப் போட்டால் ஒரு பெட்டிக்கு ஐந்து நொடி மிச்சம்" என்று ஒருவர் சொல்கிறார். ஐந்து நொடியை வருட உற்பத்தியால் பெருக்கி, சம்பளத்தால் பெருக்கி, பெரிய தொகையாகக் காட்டிவிடலாம். ஆனால் சம்பளச் செலவு ஒரு காசும் குறையவில்லையே. உற்பத்தி லைனில் எந்த மெஷின் மற்ற எல்லாவற்றையும் காக்க வைக்கிறதோ, அந்த இடத்தில் ஐந்து நொடி மிச்சமானால் அது கூடுதல் உற்பத்தி, உண்மையான பணம். வேறு இடத்தில் மிச்சமானால் அந்த மனிதருக்கு இடுப்புவலி குறைகிறது, தவறு குறைகிறது, அவ்வளவுதான். அதுவும் செய்ய வேண்டியதுதான், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கணக்கில் பணமாக எழுதாதீர்கள். வருட முடிவில் திட்டம் இத்தனை சேமித்தது என்று நீங்கள் காட்டும் தொகை லாபநட்டக் கணக்கில் எங்கும் தென்படாவிட்டால், நிதிப் பிரிவு அடுத்த வருடம் எதையுமே நம்பாது. ஸ்க்ராப் (வீணாகும் பொருள்) குறைந்தது, மின்சாரம் குறைந்தது, வாங்கும் பொருள் குறைந்தது, ஓவர்டைம் குறைந்தது: இவற்றைப் பணமாக எழுதுங்கள். நடை குறைந்தது, குனிவது குறைந்தது, தேடுவது குறைந்தது என்பவற்றை அப்படியே வார்த்தையில் எழுதுங்கள்.

அலுவலக வேலைக்கு இதெல்லாம் பொருந்துமா என்று கேட்டிருந்தீர்கள். நன்றாகவே பொருந்தும். அங்கே வீணாவது பெரும்பாலும் யாரும் படிக்காத அறிக்கை, ஒரே தகவலை இரண்டு இடத்தில் பதிவது, ஒருவர் போட வேண்டிய கையெழுத்தை நால்வர் போடுவது. ஓர் அறிக்கை தேவையா என்று சந்தேகம் வந்தால் அதைப் பெறுபவர்களிடம் போய், கடைசியாக இதை வைத்து என்ன முடிவு எடுத்தீர்கள் என்று கேட்டாலே தெரிந்துவிடும்.

இனி பதில் விஷயத்துக்கு வருகிறேன். யோசனை வந்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ, சொன்னவரை நேரில் பார்த்து, புரிந்துகொண்டேன் என்று சொல்ல வேண்டும். ஒரு வாரத்துக்குள் செய்கிறோமா இல்லையா என்று சொல்ல வேண்டும். செய்யவில்லை என்றால் காரணத்தை முழுதாகச் சொல்லுங்கள். "பட்ஜெட் இல்லை", "பரிசீலனையில் உள்ளது" போன்றவை காரணம் ஆகாது. இந்த மாற்றத்தைச் செய்தால் அடுத்த கட்டத்தில் வெல்டிங்குக்கு இடம் போதாது என்று விளக்கினால், அவர் அந்தச் சிக்கலையும் யோசித்துக்கொண்டு திரும்பி வருவார். நான் பார்த்த மிக நல்ல யோசனைகளில் பல, முதலில் முடியாது என்று சொல்லப்பட்டு, காரணம் விளங்கிய பிறகு உருமாறி வந்தவை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும் குழுவால் இந்த வேகம் வராது. அதனால் முடிவெடுக்கும் அதிகாரத்தைக் கீழே இறக்குங்கள். ஒரு குறிப்பிட்ட தொகை வரை, யாருடைய கையெழுத்தும் இல்லாமல் சூப்பர்வைசரே சரி சொல்லலாம் என்று வைத்துவிடுங்கள். ஒரு கொக்கி மாட்ட, ஒரு விளக்கை இடம் மாற்ற, பொருளைப் பிடித்து வைக்கும் ஒரு ஃபிக்ஸ்சரில் தடுப்பு வைக்க, பர்ச்சேஸ் பிரிவு வரை போக வேண்டுமா? மெயின்டெனன்ஸில் ஒருவரின் நேரத்தில் ஒரு பகுதியையாவது இதற்கென்று ஒதுக்குங்கள். இந்த ஒதுக்கீடு இல்லாத திட்டங்களில் "ஒப்புக்கொள்ளப்பட்டது" என்ற பட்டியல் நீண்டுகொண்டே போகும், "செய்யப்பட்டது" பட்டியல் நகராது. பெட்டிக்குப் பதிலாக லைன் பக்கத்தில் ஒரு போர்டு வையுங்கள். யார் சொன்னது, என்ன நிலையில் இருக்கிறது, யார் செய்கிறார்கள் என்பது அதில் எல்லோர் கண்ணுக்கும் தெரிய வேண்டும்.

படிவத்தையும் பாருங்கள். தீர்வு, செலவு மதிப்பீடு, எதிர்பார்க்கும் சேமிப்பு என்று கட்டங்கள் இருந்தால் பாதிப் பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள். பிரச்சினையை மட்டும் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். அந்தக் காவலாளி தீர்வு எதுவும் சொல்லவில்லை, ஒரு கேள்விதான் கேட்டார். எழுத வராதவர் வாயால் சொல்லட்டும், சூப்பர்வைசர் எழுதிக்கொள்ளட்டும், பெயர் மட்டும் சொன்னவருடையதாக இருக்கட்டும்.

சூப்பர்வைசர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தன் பகுதியிலிருந்து யோசனை போனால், இதுநாள் வரை நீ ஏன் கவனிக்கவில்லை என்று மேலிடம் கேட்குமோ என்று அவர்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. சில இடங்களில் உண்மையிலேயே அப்படித்தான் கேட்கிறார்கள். எனவே ஒரு சூப்பர்வைசரின் வருடாந்தர மதிப்பீட்டில், அவர் பகுதியில் எத்தனை யோசனைகள் நிறைவேறின என்பதை அவருக்குப் பெருமையாகச் சேருங்கள்.

கடைசியாக ஒன்று, ஆனால் இது இல்லையென்றால் மேலே சொன்ன எதுவும் நிற்காது. யோசனையால் வேலை மிச்சமாகி, அதனால் ஒருவருக்கு வேலை போனது என்ற செய்தி ஒரே ஒருமுறை பரவினால் திட்டம் அன்றே முடிந்தது. யாரும் தன் நண்பனின் வேலையைப் பறிக்கும் யோசனை சொல்லமாட்டார்கள், சொல்லவும் கூடாது. அமெரிக்காவின் கிளீவ்லாண்டில் உள்ள லிங்கன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் 1914 முதலே ஊழியர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் நிர்வாகத்தோடு உட்கார்ந்து பேசும் ஆலோசனைக் குழு இருந்தது. 1958-ல் அங்கே வேலை உத்தரவாதத்தையும் கொள்கையாகவே அறிவித்தார்கள். உங்கள் நிறுவனம் அந்த அளவுக்குப் போக முடியாமல் இருக்கலாம். ஆனால் யோசனையால் மிச்சமாகும் ஆளை வேறு வேலைக்கு மாற்றுவோம், வெளியே அனுப்பமாட்டோம் என்றாவது எழுத்தில் கொடுங்கள். அதைக் கொடுக்க நிர்வாகத்துக்கு மனமில்லை என்றால், பெட்டியை எடுத்துவிடுவதே நேர்மையானது.

நீங்கள் நாளைக்கே செய்யக்கூடியது: முதல் மாதம் வந்த சீட்டுகள் இன்னும் உங்களிடம் இருக்கும். அவற்றை எடுத்து, பெயர் உள்ள ஒவ்வொருவரையும் அவருடைய இடத்துக்கே போய்ப் பாருங்கள். தாமதத்துக்கு விளக்கம் சொல்லி நேரத்தைப் போக்காமல், செலவில்லாமல் உடனே செய்யக்கூடியவற்றை அந்த வாரமே செய்து முடியுங்கள். மற்றவற்றுக்குத் தேதி சொல்லுங்கள். இதற்கென்று மென்பொருள் வாங்குவது பற்றியும் கேட்டிருந்தீர்கள். நூறு பேருக்குக் கீழே உள்ள இடத்துக்குப் போர்டும் மார்க்கரும் தாராளமாகப் போதும்.