குழாய்க்குள் தொலையும் அழுத்தம்: வாசகர் கேள்விகள்

மாடியில் ஷவர் ஓடும்போது கீழே யாராவது குழாயைத் திறந்தால் ஷவர் நூலாகிவிடுகிறது. டேங்கோ நிறைந்திருக்கிறது. ஏன்?

டேங்கில் எத்தனை லிட்டர் என்பதல்ல, தண்ணீர் மட்டம் ஷவரைவிட எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதே கணக்கு. மொட்டைமாடி டேங்க் என்றால் 3 மீட்டர் கிடைத்தாலே அதிகம். ஒரு கிலோ அழுத்தத்துக்கே (சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ) 10 மீட்டர் உயரம் வேண்டும். அந்த 3 மீட்டரிலும் உராய்வு பங்கு கேட்கும். 15 மி.மீ. உள்விட்டமுள்ள வழவழப்பான குழாய், 12 மீட்டர் நீளம், நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓட்டம் என்றால் இழப்பு சுமார் 1 மீட்டர். ஓட்டம் 20 லிட்டரானால் மூன்றரை மீட்டர். இருப்பதே 3 தானே! தாழ்வில் இருக்கும் குழாய் முந்திக்கொள்கிறது, ஷவர் காய்கிறது. டேங்கிலிருந்து இறங்கும் பொதுக் குழாயை 20 மி.மீ. ஆக்குங்கள்: அதே 20 லிட்டருக்கு இழப்பு 1 மீட்டருக்குள் அடங்கிவிடும். பிரஷர் பம்ப் வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள். பம்ப் வைத்தால் அந்த உராய்வுக்குத் தினமும் கரண்ட் பில் கட்டுவீர்கள்.

ஹோஸ் முனையை விரலால் அடைத்தால் தண்ணீர் சீறுகிறது. அப்படியானால் சிறிய குழாய்தானே நல்லது?

இல்லை. விரல் வைத்ததும் ஓட்டம் குறைகிறது, அதனால் ஹோஸ் நெடுக உராய்வும் குறைகிறது. மிஞ்சிய அழுத்தம் முனையில் வேகமாக மாறுகிறது. பக்கெட் நிரம்ப முன்னைவிட நேரமாகும், வைத்துப் பாருங்கள். குழாய் முழுவதையும் சிறிதாக்கினால் அந்த மிச்சமும் கிடைக்காது.

வால்வுகளாலும் இழப்பு உண்டா?

உண்டு. முழுதாகத் திறந்த கேட் வால்வில் (தகடு மேலேறி வழி நேராகத் திறக்கும்) ஏற்படுவதைப்போல ஐம்பது மடங்குவரை குளோப் வால்வில் (தண்ணீர் உள்ளே வளைந்து போகும்) இழப்பு ஏற்படும். மெயின் லைனில் குளோப் வால்வு வேண்டாம்.

எங்கள் தெரு முட்டுச்சந்து. கடைசி வீட்டுக்குத் தண்ணீர் வருவதேயில்லை. வழி உண்டா?

பக்கத்துத் தெருக் குழாயோடு இணைத்து வளையமாக்கச் சொல்லிக் கேளுங்கள். இரு பக்கமிருந்தும் தண்ணீர் வந்தால் ஒவ்வொரு பக்கத்திலும் ஓட்டம் ஏறத்தாழ பாதி, உராய்வு கால்வாசி. எந்தப் பக்கம் எவ்வளவு பிரியும்? இரு வழியிலும் இழப்பு சமமாகும் வரை தண்ணீர் தானே பிரிந்துகொள்ளும். ஓட்டத்தை முதலில் ஊகித்து, வளையத்தைச் சுற்றி இழப்புகளின் கூட்டல் (எதிர்த்திசையில் ஓடுவதைக் கழித்து) பூஜ்யமாகும்வரை திருத்தும் முறையை அமெரிக்கப் பொறியாளர் ஹார்டி கிராஸ் 1936இல் வெளியிட்டார். இன்று கணினி நொடியில் செய்கிறது.

அதுவரை, தெருக் குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சாதீர்கள். உள்ளே அழுத்தம் காற்றழுத்தத்துக்குக் கீழே போனால், கசியும் ஜாயிண்ட் வழியே சாக்கடை நீர் குடிநீரில் புகும்.