ஹீலியம் எங்கே போனது? வாசகர் கேள்வி-பதில்

இம்முறை எல்லாக் கேள்வியும் sdB மீன்களைப் பற்றி: ஹைட்ரஜன் உறையைப் பெரும்பாலும் இழந்த, சூடான, சிறிய விண்மீன்கள்.

அல்சூர் வாசகர்: எச்டபிள்யூ வர்ஜினிஸ் என்ற sdB இரட்டை மீன் மொட்டை மாடியிலிருந்து தெரியுமா?

மேக்னிட்யூட் 10.5-ஐ ஒட்டியது (எண் கூடக்கூட மங்கல்). பெங்களூரு வெளிச்சத்தில் 6 அங்குலத் தொலைநோக்கியும் கேமராவும் இருந்தால் நல்லது. ஏப்ரல் வாக்கில் முயலுங்கள். சுற்றுக்காலம் 2.8 மணி நேரம்தான் என்பதால் ஒரே இரவில் இரண்டு முறைகூடக் கிரகணம் (ஒரு மீன் மற்றதை மறைப்பது) சிக்கும். ஆழமான கிரகணம் முடிந்தபின் ஒளி மெல்ல ஏறும். துணையான செங்குறுமீனின் (சிறிய, குளிர்ந்த, சிவந்த மீன்), sdB-யின் சூட்டில் வெந்த முகம் நம் பக்கம் திரும்புகிறது என்று அர்த்தம். அதைத் தவறவிடாதீர்கள்.

மல்லேஸ்வரம் வாசகர்: இந்த sdB மீன்களின் ஹைட்ரஜன் உறையைப் பறித்தது யார்?

பெரும்பாலும் துணைமீன். மூல மீன் செம்பெருமீனாக ஊதியபோது துணை அதன் உறையை இழுத்துக்கொள்ளும், அல்லது இரண்டையும் சூழும் பொது உறைக்குள் புகுந்து அதை வெளியே தள்ளிவிடும். மிஞ்சுவது சூரியனில் ஏறக்குறைய பாதி நிறை. உள்ளே ஹீலியம் எரியும், மேலே ஹைட்ரஜன் மெல்லிய தோலாக நிற்கும். சுமார் 10 கோடி ஆண்டு இப்படி ஓடும். அப்புறம் நேராக வெண்குறுமீன்தான், அதாவது எரிந்து முடிந்து மிஞ்சும் அடர்ந்த கரு.

ஒயிட்ஃபீல்டு வாசகர்: ஒரு sdB மீனின் நிறமாலையில் (நிறம் நிறமாகப் பிரித்த ஒளியில்) ஹீலியம் மிகக் குறைவு. எனவே அங்கே ஹீலியம் எரியவில்லை என்று என் கட்டுரையில் நிரூபித்திருக்கிறேன்.

நிரூபிக்கவில்லை ஐயா. பாலாடையை வழித்துத் தின்றுவிட்டு, அடியில் சர்க்கரை இல்லை என்கிறீர்கள். நிறமாலை காட்டுவது மேல்தோலை மட்டும். இந்த மீன்களில் ஈர்ப்பு கடுமை, வளிமண்டலமோ அமைதியானது. அதனால் ஹீலியம் கீழே இறங்கிவிடுகிறது. சில கன உலோகங்களைக் கதிர்வீச்சு மேலே தூக்கி நிறுத்துகிறது. எல்எஸ் IV-14 116 என்ற மீனின் பரப்பில் சிர்கோனியம் சூரியனில் இருப்பதைப்போல் ஏறக்குறைய 10,000 மடங்கு! அந்த மீன் முழுக்கச் சிர்கோனியச் சுரங்கமா என்ன? இன்னொன்று: ஈர்ப்பு மட்டுமே வேலை செய்திருந்தால் ஹீலியம் இதைவிடவும் குறைந்திருக்க வேண்டும். மீனிலிருந்து வீசும் மெல்லிய காற்றோ, உள் கலக்கமோ அதைத் தடுக்கிறது என்றுதான் கணக்குகள் சொல்கின்றன. உங்கள் கட்டுரையில் இதைப்பற்றி ஒரு வரி இல்லை. முதலில் உங்கள் மீன் இரட்டையா என்று பாருங்கள். துணை சூரியனைப் போன்றதானால் அதன் இரும்புக் கோடுகளும் நிறமாலையில் கலந்திருக்கும். எத்தனை முறை எழுதுவது!

இந்திரா நகர் வாசகர்: எல்லாமே இரட்டைகளா?

இல்லை. தனித்தவையும் உண்டு. இரண்டு ஹீலியம் வெண்குறுமீன்கள் ஒன்றாகி உருவானவை என்பது ஒரு விளக்கம்.

ஜெயநகர் வாசகி: சிடி-30 11223 என்ற sdB மீன் வெடித்தால் நமக்கு ஆபத்தா?

70 நிமிடத்துக்கு ஒருமுறை வெண்குறுமீனோடு சுற்றுகிறது. ஒருநாள் வெடிக்கலாம், ஆனால் அதற்குச் சில கோடி ஆண்டு இருக்கிறது. தூங்குங்கள்.

பெயர் எழுதாமல் நிறமாலை வரைபடம் மட்டும் அனுப்பியவருக்கு: எந்த மீன், எந்தத் தேதி, அச்சில் என்ன அலகு? இரட்டையா என்றும் பார்த்துவிட்டு மறுபடி அனுப்புங்கள்.