பழைய மலாயில் ‘நான்’, ‘நீ’: கேள்வி பதில்

கேள்வி: தாத்தாவின் நில வரி ரசீதில் ‘சுக்காய்’ (வரி) என்ற மலாய்ச் சொல் சி, எச் போட்டு அச்சாகியிருக்கிறது. பிழையா?

பதில்: பிழை இல்லை, அந்தக் காலத்து முறையே அதுதான். ‘ச்’ ஒலிக்கு மலேசியாவில் சி-எச், இந்தோனேசியாவில் டச்சு வழியில் டி-ஜே என்று எழுதினார்கள். 1972 ஆகஸ்டில் இரு நாடுகளும் பொது எழுத்துமுறைக்கு வந்ததும் இரண்டும் போய் வெறும் சி நின்றது. ‘கம்போங்’ (கிராமம்) என்பதை ‘கம்புங்’ என்று எழுதுவதும் இதே மாற்றத்தால்தான். சில ஊர்ப்பெயர்கள் மட்டும் அசையவில்லை. மலேசியாவின் பேராக் மாநிலத்துத் தஞ்சோங் மாலிம், சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் இரண்டிலும் இன்றும் ‘ஓ’தான். ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கேள்வி: பழைய கடிதம் ஒன்றில் ‘ஓராங்’ பக்கத்தில் 2 என்று இருக்கிறது. இரண்டு பேரா?

பதில்: இல்லை, சொல்லை இரண்டு தடவை படிக்கச் சொல்லும் குறி. ‘ஓராங்-ஓராங்’ என்றால் ஆட்கள், மக்கள். மலாயை அரபு எழுத்தில் எழுதும் ஜாவி முறையிலேயே இந்த வழக்கம் உண்டு. இப்போது முழுசாக எழுத வேண்டும் என்பது விதி. குறுஞ்செய்தியில் 2 இன்னும் ஓடுகிறது.

கேள்வி: ‘ஹம்பா’, ‘பாத்திக்’, ‘சாயா’ எல்லாமே ‘நான்’தானா ஐயா?

பதில்: ஆமாம், ஆனால் யார் முன் பேசுகிறோம் என்பதைப் பொறுத்தது. ஹம்பா என்றால் அடிமை. நம் ‘அடியேன்’ போல. எதிரில் இருப்பவர் ‘துவான் ஹம்பா’, அடியேனின் எஜமான். இந்த இரண்டும் இன்று பழங்கதையிலும் நாடகத்திலும்தான் கிடைக்கும். பாத்திக் அப்படியல்ல. சுல்தான் முன் பேசுகிறவர் இன்றும் தன்னைப் பாத்திக் என்றே சொல்ல வேண்டும், சுல்தான் தன்னைப் ‘பேத்தா’ என்பார். மலேசிய நாடாளுமன்றத்தில் மாமன்னர் ஆற்றும் உரையைக் கேளுங்கள், பேத்தா காதில் விழும்.

எனக்கு மிகப் பிடித்தது சாயா. பழைய ஏடுகளில் அது ‘சஹாயா’. ‘ஹம்பா சஹாயா’ என்றால் அடிமைகள். நம் ‘சகாயம்’ வந்த அதே சமஸ்கிருத வேர். ஒரு காலத்தில் குனிந்து சொன்ன சொல்லை இன்று அமைச்சரும் மாணவரும் ஒன்றுபோலச் சொல்கிறார்கள்.

கேள்வி: காமி, கித்தா குழப்புகிறதே?

பதில்: தமிழருக்கு இதில் குழப்பமே வேண்டாம். காமி ‘நாங்கள்’, கித்தா ‘நாம்’.

கேள்வி: பெரியவர்களிடம் ‘எங்காவ்’ (நீ) கூடாது, சரி. ‘அண்டா’ (நீங்கள்) சொல்லலாமா?

பதில்: அண்டா 1957இல் இந்தோனேசியாவில் பொதுச் சொல்லாக முன்வைக்கப்பட்டது. விளம்பரத்துக்கும் அறிவிப்புக்கும் பொருந்தும், பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் விறைப்பாக இருக்கும். அவரைப் ‘பாக் சிக்’ (மாமா) என்றே கூப்பிடுங்கள். எங்காவ் நெருங்கிய நண்பர்களுக்கு, அப்புறம் பிரார்த்தனையில் இறைவனுக்கு.