இடைவேளைக்குப் பிந்திய பாடவேளையில் அடங்காத வகுப்பு

கேள்வி: மூதூர்ப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் தரம் 9க்குக் கணிதம் படிப்பிக்கிறேன். 38 பிள்ளைகள். கிழமையில் மூன்று நாள் இடைவேளை முடிந்த கையோடு வரும் பாடவேளைதான் எனக்கு. சத்தம் அடங்கவே பத்து நிமிடம் போய்விடுகிறது. பின் வாங்கில் இருக்கும் ஏழெட்டுப் பேர் கொப்பியே திறப்பதில்லை. சரியாகச் செய்தால் பேனை தருவதாகச் சொன்னேன், இரண்டு கிழமைதான் எடுபட்டது. என்ன செய்யலாம்?

பதில்: 40 நிமிடப் பாடவேளையில் பத்து நிமிடம் என்றால் கால்வாசிப் பாடம். பழியை முழுக்கப் பிள்ளைகளின் குழப்படி மேல் போட வேண்டாம். நீங்கள் உள்ளே வந்து, பலகையைத் துடைத்து, திகதி எழுதி முடிக்கும் வரை 38 பேருக்கும் செய்ய ஒரு வேலையும் இல்லை. பதினான்கு வயதுப் பிள்ளை சும்மா இருந்தால் கதைக்கத்தான் செய்யும்.

பிள்ளைகள் உள்ளே வரும்போதே வேலை காத்திருக்க வேண்டும். ஒரு டிமைத் தாளில், அதாவது சுவரில் ஒட்டும் பெரிய தாளில், மூன்று கணக்கை முன்கூட்டியே எழுதி வைத்திருங்கள். மணி அடித்ததும் வகுப்புத் தலைவர் அதைப் பலகையில் ஒட்டட்டும். முதற் கணக்கு போன கிழமைப் பாடத்திலிருந்து, இரண்டாவது நேற்றையதிலிருந்து, மூன்றாவது கொஞ்சம் யோசிக்க வைப்பது. செய்ய ஐந்து நிமிடம், விடையைத் தாங்களே சரிபார்க்க இரண்டு நிமிடம். புள்ளி கிடையாது. அந்த நேரம் நீங்கள் மேசையில் இருக்காமல் வாசலில் நில்லுங்கள். முதற் கணக்கைப் புதுப் பாடத்திலிருந்து கொடுத்தால் எல்லாம் கெடும்: மெல்லக் கற்கும் பிள்ளை முதல் நிமிடத்திலேயே பேனையை வைத்துவிடும், சத்தம் அங்கிருந்துதான் கிளம்பும். நாலு நாள் செய்துவிட்டு விடுவதும் பிழை. பழக்கமாக மூன்று கிழமையாவது வேண்டும்.

சத்தத்துக்கு மேலால் சத்தம் போட்டு அறிவுறுத்தல் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் மூன்றாம் தரம் சொல்லும்போது கேட்டால் போதும் என்று வகுப்பு பழகிவிடும். ஒரே இடத்தில் நின்று, “பேனையை வையுங்கள், பலகையைப் பாருங்கள்” என்று செய்ய வேண்டியதை மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருங்கள்.

இனிப் பின் வாங்குப் பிள்ளைகள். கொப்பி திறக்காத பிள்ளைகளில் பலருக்குப் பிரச்சினை விருப்பமின்மை அல்ல, தரம் 6, 7 கணக்கில் விழுந்த ஓட்டை. பத்துச் சிறு கேள்விகளை ஒரு சீட்டில் கொடுத்துப் பாருங்கள்: 3/4 + 1/6, −5 + 2, 350இன் 20% போல. எங்கே தடக்குகிறது என்று பதினைந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பிறகு அவர்களுக்கு முழுக் கணக்கு வேண்டாம், பாதி செய்த கணக்கைக் கொடுங்கள். 1,200 ரூபாவுக்கு வாங்கிய மீனை 1,500 ரூபாவுக்கு விற்றால் இலாபம் 300 என்பது வரை நீங்கள் எழுதிவிடுங்கள். அந்த இலாபம் வாங்கிய விலையில் எத்தனை சதவீதம் என்ற கடைசிப் படி மட்டும் அவர்களுக்கு. 25 என்று தானாக எழுதியவன் அடுத்ததையும் தொட்டுப் பார்ப்பான். அடுத்த கிழமை நீங்கள் எழுதிக் கொடுப்பதில் ஒரு படியைக் குறையுங்கள். இடத்தை மாற்றுவதானால் முழு வகுப்பையும் மாதம் ஒரு தரம் மாற்றுங்கள், அவர்களை மட்டும் கிளப்பினால் அது தண்டனை. பலகை எழுத்துத் தெரிகிறதா என்றும் ஒருக்கால் கேளுங்கள். பார்வைக் குறையைச் சோம்பல் என்று நினைப்பது அடிக்கடி நடக்கிறது.

கேள்வி கேட்கும்போது பெயரைக் கடைசியில் சொல்லுங்கள். முதலில் சொன்னால் மற்ற 37 பேரும் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். கேள்விக்கும் பெயருக்கும் இடையில் மூன்று செக்கன் விடுங்கள். ஆசிரியர்கள் விடைக்காகச் சராசரியாக ஒரு செக்கன் அளவே காத்திருப்பதையும், மூன்று செக்கனுக்கு மேல் காத்தால் விடைகள் நீளுவதையும் அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே காட்டினார்.

பேனை ஏன் எடுபடவில்லை? வெகுமதி ஆர்வத்தைக் கெடுக்கும் என்பதற்கு 1973இல் உளவியலாளர் லெப்பரும் கூட்டாளிகளும் செய்த ஆய்வைச் சொல்வார்கள். அது ஏற்கெனவே வரைவதில் விருப்பமுள்ள சிறுவர்களை வைத்துச் செய்தது. உங்கள் வகுப்பில் காரணம் இன்னும் எளிது என்று நினைக்கிறேன்: பேனை அதே ஐந்தாறு பேருக்கே போயிருக்கும், மற்றவர்களுக்கு அது தங்களுக்கில்லை என்று விளங்கியிருக்கும். “போன கிழமை கூட்டல் கழித்தல் குறியில் பிழை விட்டாய், இன்றைக்கு நாலிலும் சரி” என்று கொப்பியில் எழுதும் ஒரு வரி எல்லோருக்கும் கிடைக்கக்கூடியது.

கச்சான் என்னும் வெக்கையான தென்மேல் காற்று வீசும் மாதங்களில் தண்ணீர் குடிக்க ஒரு நிமிடம் கொடுங்கள். விளக்கத்தைப் பன்னிரண்டு நிமிடத்துக்குள் முடித்து, மிச்ச நேரத்துக்குச் சோடியாகச் செய்யும் வேலை வையுங்கள்.

அடி, முழங்காலில் நிறுத்துவது இரண்டும் வேண்டாம். உடல் ரீதியான தண்டனையைக் கல்வி அமைச்சின் 12/2016 சுற்றறிக்கை தடுக்கிறது. ஒருவன் குழப்பினால் முதலில் பார்வை, பிறகு அருகில் போய் நிற்பது, பிறகு அவனுக்கு மட்டும் கேட்கும்படி ஒரு சொல். அதற்கும் அடங்காவிட்டால் பாடம் முடிந்தபின் தனியே இரண்டு நிமிடம். தொடர்ந்தால் திகதியோடு குறித்துப் பகுதித் தலைவரிடம் கொண்டுபோங்கள். தூங்கி விழுகிறவனிடம் இரவு எங்கே போனான் என்று மெதுவாகக் கேளுங்கள், தகப்பனோடு கடலுக்குப் போயிருக்கலாம்.

எல்லாவற்றையும் ஒரே திங்கட்கிழமை தொடங்காதீர்கள். முதல் இரண்டு கிழமை டிமைத் தாள் மட்டும் போதும். பத்துக் கேள்விச் சீட்டு மூன்றாம் கிழமைக்கு. அது தவணைப் பரீட்சையோடு முட்டினால் பரீட்சை முடியும் வரை தள்ளிவையுங்கள்.