ஆஸ்திரேலியாவுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்: தரவுத்தள வேலை பற்றி ஒரு பெற்றோருக்கு

சென்ற சனிக்கிழமை நீங்கள் இருவரும் மகளோடு வந்திருந்தபோது, பேச்சு பெரும்பாலும் அவருடைய பெரியப்பா சொன்னவற்றைச் சுற்றியே போய்க்கொண்டிருந்தது. சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரியில் தகவல் தொழில்நுட்பப் பட்டயம் முடிக்கும் பிள்ளைக்கு உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காவிட்டால், ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பியாவது செயற்கை நுண்ணறிவில் பட்டம் வாங்க வைக்க வேண்டும் என்பது அவர் முடிவு. இரண்டு வாரமாகச் சரியான தூக்கமில்லை என்று தாயார் சொன்னார்கள். அந்தக் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் ஆறுதல் மட்டும் சொல்லி அனுப்புவது உங்களுக்கு உதவாது. அந்தப் படிப்புக்கு முன்பணம் கட்டாதீர்கள்.

அன்று வெகுநேரம் வாய் திறக்காமல் இருந்த உங்கள் மகள், வேலைப்பயிற்சியில் என்ன செய்தீர்கள் என்று நான் கேட்ட பிறகுதான் பேசத் தொடங்கினார். அவர் இருந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியலில் ஒரே மனிதர் மூன்று முறை பதிவாகியிருந்தாராம். ஒரு வரியில் தந்தை பெயருக்கு முன்னால் ‘எஸ்/ஓ’ சிறிய எழுத்தில் இருந்தது. இன்னொரு வரியில் பெரிய எழுத்தில். மூன்றாவதில் அதுவே இல்லை. இந்தியப் பெயர் உள்ளவர்களுக்கு மட்டும் ஏன் ஒரே கடிதம் இரண்டு மூன்று முறை போகிறது என்று அங்கே வேறு யாரும் கேட்கவில்லை. இவர் கேட்டிருக்கிறார். என் மேசையில் கிடந்த தபால் உறையின் பின்பக்கத்தில் இரண்டு அட்டவணைகளை வரைந்து, ஆளைப் பெயரைக் கொண்டு அல்லாமல் தனி எண்ணைக் கொண்டே அடையாளம் காண வேண்டும் என்று விளக்கினார். அப்போது அவர் முகத்தைப் பார்த்தீர்களா என்று தெரியவில்லை, நான் பார்த்தேன்.

அவர் வரைந்து காட்டியதுதான் தரவுத்தள வேலை. அது ஒரு முழுநேரத் தொழில். 1970-இல் ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் காட், தகவல்களை ஒன்றோடொன்று தொடர்புடைய அட்டவணைகளாக வைக்கலாம் என்று எழுதினார். அதைக் கேள்வியாகக் கேட்பதற்கான மொழியை அதே நிறுவனத்தின் சேம்பர்லினும் பாய்ஸும் 1974-இல் வெளியிட்டார்கள். இன்று எஸ்கியூஎல் என்று நாம் சொல்வது அதன் வழிவந்ததுதான். வங்கிக் கணக்கு, மருத்துவமனைப் பதிவு, கிடங்கு இருப்பு ஆகியவற்றுக்குப் பின்னால் ஐம்பது ஆண்டுகளில் எத்தனையோ நிரலாக்க மொழிகள் வந்து போயிருக்கின்றன, இது நின்றிருக்கிறது.

இதையெல்லாம் இப்போது செயற்கை நுண்ணறிவே எழுதிவிடுகிறதே என்று பெரியப்பா கேட்டதாகச் சொன்னீர்கள். எழுதுகிறது என்பது உண்மை. ஒரு வாடிக்கையாளர் 100 வெள்ளிக்கு ஒரு பொருள் வாங்கி, பணத்தை இரண்டு தவணையாகச் செலுத்துகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். விற்பனை அட்டவணையையும் தவணை அட்டவணையையும் யோசிக்காமல் இணைத்து விற்பனைத் தொகையைக் கூட்டினால், அந்த விற்பனை இரண்டு வரிகளாகப் பெருகி 200 வெள்ளி என்று விடை வரும். பிழைச்செய்தி எதுவும் வராது, அறிக்கையும் அழகாகவே இருக்கும், மேலாளர் அதை நம்பிக் கூட்டத்துக்குள் போய்விடுவார். எண்ணைப் பார்த்தவுடன் இது இப்படி இருக்க முடியாதே என்று சந்தேகப்படும் கண் உங்கள் மகளுக்கு ஏற்கெனவே இருக்கிறது. தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வியை எழுதித் தருவது யாராக இருந்தாலும், அந்தக் கண் உடையவருக்கு வேலை இருக்கும்.

வேகமும் இந்த வேலையில் பெரும்பங்கு. ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கில் 08-214 என்ற வீட்டைத் தேடுபவர் ஒவ்வொரு கதவாகத் தட்டுவதில்லை. எட்டாவது மாடிக்கு நேரே போகிறார். தரவுத்தளத்தில் அந்த முகவரி ஒழுங்கைத் தருவது இன்டெக்ஸ். அது இல்லாத இடத்தில் கணினி எல்லாக் கதவுகளையும் தட்டும். எங்கே தட்டுகிறது என்பதை ‘எக்ஸ்பிளெயின்’ என்ற கட்டளை காட்டிக்கொடுக்கும். அதைப் படிக்கத் தெரிந்த இளையரை எந்தக் குழுவும் எளிதில் விடாது.

வீட்டிலேயே அவர் செய்யக்கூடிய பயிற்சியைச் சொல்கிறேன். இதற்கு ஒரு காசும் செலவில்லை. அரசாங்கத்தின் டேட்டா.கவ்.எஸ்ஜி தளத்தில் 1990 முதலான வீவக மறுவிற்பனை விலைகள் கோப்புகளாகக் கிடைக்கின்றன. தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரெஸும், அதைத் திறந்து வேலை செய்ய உதவும் டிபீவரும் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் இந்தக் கோப்புகளை ஏற்றிப் பார்க்கட்டும். பழைய கோப்பில் வீட்டு மாதிரியின் பெயர் முழுவதும் பெரிய எழுத்தில் இருக்கும், புதியதில் அப்படி இருக்காது. இணைத்துத் தொகுத்தால் ஒரே மாதிரி இரண்டு வரிகளாக வந்து நிற்கும். எஞ்சிய குத்தகைக் காலம் 2015-க்கு முந்தைய கோப்புகளில் இல்லவே இல்லை. 2017 முதலான கோப்பில் ஆண்டும் மாதமும் சொற்களோடு எழுதப்பட்டிருக்கும். இவற்றைச் சீர்செய்து, உங்கள் நகரில் நாலறை வீடுகளின் விலை ஆண்டுதோறும் எப்படி நகர்ந்தது என்று காட்டினால், நேர்முகத் தேர்வில் மேசைமேல் வைக்க அதைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியவில்லை. தரவை மாற்றும் கட்டளை எதையும் இடுவதற்கு முன், அதே நிபந்தனையோடு முதலில் வரிகளை எடுத்துக் காட்ட மட்டும் செய்யும் ‘செலக்ட்’ எழுதி எத்தனை வரிகள் மாறும் என்று எண்ணிப் பார்க்கும் பழக்கமும் அவருக்கு இப்போதே வரட்டும்.

பணத்தைப் பற்றி. நீங்கள் எழுதிக்கொண்டுவந்த தாளில் மூன்றாண்டுக்கு 160,000 வெள்ளி என்று இருந்தது. அதன் அடியில் தாயாரின் நகையும் கணக்கில் இருந்தது. உயர்நிலை மூன்றில் படிக்கும் தம்பியின் பெயர் அந்தத் தாளில் எங்கும் இல்லை. இதை நான் ஏற்க மாட்டேன். மத்திய சேம நிதியின் (சிபிஎஃப்) கல்விக் கடன் திட்டம் வெளிநாட்டுப் பட்டத்துக்குப் பொருந்தாது. உள்ளூர்ப் படிப்புக்கு எடுத்தாலும் அது கடன்தான். படிப்பு முடிந்து ஓராண்டில் மகள் அதை வட்டியோடு ரொக்கமாகத் திருப்பிச் செலுத்தத் தொடங்க வேண்டும்.

முதலில் வேலையில் சேரட்டும். மைகரியர்ஸ்ஃபியூச்சர் என்ற அரசாங்க வேலைவாய்ப்புத் தளத்தில் டேட்டாபேஸ் டெவலப்பர் என்று மட்டும் தேடினால் போதாது. டேட்டா எஞ்சினியர், பிஐ டெவலப்பர், ரிப்போர்ட்டிங் அனலிஸ்ட் என்ற பெயர்களிலும் இதே வேலை ஒளிந்திருக்கும். விளம்பரத்தின் தலைப்பைவிட, கேட்கும் திறன்களில் எஸ்கியூஎல் எத்தனையாவதாக வருகிறது என்று பாருங்கள். இரண்டு மூன்று ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு பட்டம் வேண்டும் என்று அவருக்கே தோன்றினால், வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் படிக்க வழி இருக்கிறது. அப்போது கட்டணத்தில் அவருடைய சம்பளமும் இருக்கும், எதைப் படிப்பது என்ற முடிவும் அவருடையதாக இருக்கும்.

பெரியப்பாவிடம் நீங்கள் சொல்லத் தயங்கினால், என்னிடம் அழைத்து வாருங்கள், நான் பேசுகிறேன். அடுத்த சனிக்கிழமை மகளை மட்டும் மடிக்கணினியோடு அனுப்புங்கள். மறுவிற்பனைக் கோப்புகளை அதற்குள் ஏற்றி வைத்திருக்கட்டும். அந்தக் குத்தகைக் காலத்தை அவர் எப்படி எண்ணாக மாற்றினார் என்று எனக்குக் காட்ட வேண்டும்.