ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸின் நான்காம் சிம்பொனியின் கடைசிப் பகுதியில் பாதியிலேயே பிடி நழுவுகிறதே, எப்படிக் கேட்பது?

முதல் 15 நொடியை மட்டும் நாலைந்து முறை கேளுங்கள். காற்று வாத்தியங்கள் எட்டு பார்களில் (பார் என்பது ஒரு தாளச் சுற்று, இங்கே மூன்று எண்ணிக்கை), பாருக்கு ஒன்றாக எட்டு ஸ்வரங்களை வாசிக்கின்றன: இ, எஃப் ஷார்ப், ஜி, ஏ, ஏ ஷார்ப், பி, கீழ் பி, இ. இதுதான் இந்தப் பகுதியின் கரு. இதை வாய்விட்டுப் பாட வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. முந்தைய மூன்று பகுதிகளிலும் சும்மா இருந்த டிராம்போன்கள் இங்கேதான் முதன்முதலாக ஒலிக்கின்றன.

இந்த எட்டு பார்களின் மேல் 30 மாறுபாடுகள், அதாவது அதே கருவின் வெவ்வேறு வடிவங்கள், வருகின்றன. நான்காவதில் வயலின்கள் புது மெட்டைப் பிடிக்க, கரு பேஸுக்கு, அதாவது அடிக்குரலுக்கு, இறங்கிவிடும். போன் ஸ்பீக்கரில் அது காதில் விழாது, ஹெட்போன் அவசியம்.

பலருக்கும் எண்ணிக்கை தவறுவது சுமார் மூன்றாவது நிமிடத்தில், தனிப் புல்லாங்குழல் வரும் 12ஆம் மாறுபாட்டில். வேகம் குறையவில்லை, பார்தான் இரட்டிப்பாகிறது: மூன்றுக்குப் பதில் ஆறு எண்ணுங்கள். அடுத்த மூன்றும் மேஜரில், அதாவது பிரகாசமாக ஒலிக்கும் ஸ்வர வரிசையில். அதன்பின் 16ஆவதில் கரு பழைய உருவிலேயே திரும்பும். நான்காவது பாரில் தந்தி வாத்தியங்கள் மேலிருந்து பாய்ந்து இறங்கும். இந்த இடத்தைத் தவறவிடவே கூடாது.

30ஆவது முடிந்து வேகம் கூடியதும் எண்ணுவதை விட்டுவிடுங்கள். எட்டு பார்க் கட்டு அங்கே உடைகிறது. மேஜருக்கு மாறி வெற்றி முழக்கத்தோடு முடியும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம்; பிராம்ஸ் கடைசிவரை, இருண்ட தொனி கொண்ட இ மைனரை விடவில்லை.