கேள்வி பதில்: "பாவியே வா"ன்னு ஏன் பாடுறாங்க?

கேள்வி: சர்ச்ல பிரசங்கம் முடியுற நேரத்துல மெதுவா ஒரு பாட்டை ஆரம்பிச்சு, "பாவியே வா, வா"ன்னு திரும்பத் திரும்பப் பாடுறாங்களே, ஆளை அழவெச்சு முன்னாடி வரவைக்கிற டெக்னிக்தானே இது? எல்லாரையும் பாவி பாவின்னு சொல்றது எரிச்சலா இருக்கு.

பதில்: டெக்னிக்கே இல்லன்னு சத்தியம்லாம் பண்ண மாட்டேங்க. ஒரே சரணத்தை ஏழாவது தடவை பாடும்போது, யாராவது எந்திரிச்சுப் போங்கப்பான்னு எனக்கே தோணிருக்கு. ஆனா அமெரிக்கப் பிரசங்கியார் பில்லி கிரஹாம் கூட்டங்கள்ல அழைப்பு நேரத்துல வழக்கமா பாடின பாட்டு இருக்கே, தமிழ்ல "நான் பாவிதான்"னு வரும், அதோட முதல் வார்த்தையப் பாருங்க, "நீ" இல்ல, "நான்". எழுதின சார்லட் எலியட் மேடையில நின்னு விரல் நீட்டின ஆளும் இல்ல, வருஷக்கணக்கா உடம்பு முடியாம இருந்தவங்க, நம்மால யாருக்கும் பிரயோஜனம் இல்லையேன்னு தவிச்சு எழுதினது, 1836ல நோயாளிகளுக்குன்னு போட்ட ஒரு பாட்டுப் புத்தகத்துல வந்துச்சு. மொதல்ல திருந்திட்டு அப்புறம் வரேன்னு அதுல எங்கயும் இல்ல, இருக்குற மாதிரியே வரேன்னுதான் இருக்கு. பைபிள்ல லூக்கா 15ல வர்ற, சொத்தை அழிச்சுட்டு வீட்டுக்குத் திரும்புற கெட்டகுமாரன் கதையும் இதேதான், என்னைக் கூலிக்காரனா வெச்சுக்கோங்கன்னு சொல்ல அவன் ஒத்திகை பாத்துட்டு வரான், அந்த வரிக்கு வர்றதுக்குள்ள அப்பா புதுத்துணி எடுத்துட்டு வாங்கடான்னு கத்திட்டாரு.

கேள்வி: சரி, அழுது பாடிட்டா போதுமா? அந்தப் பாவியால கஷ்டப்பட்டவங்க கதி?

பதில்: நல்லா கேட்டீங்க. "அமேசிங் கிரேஸ்" பாட்டை எழுதின ஜான் நியூட்டன் 1748ல புயல்ல மாட்டி கடவுளே காப்பாத்துன்னு கதறினாரு, அன்னிக்கே அடிமை வியாபாரத்தை விட்டுட்டாருன்னு சில பேர் கதை சொல்வாங்க, சுத்தப் பொய். அதுக்கு அப்புறம்தான் அவர் அடிமைக் கப்பலுக்கு கேப்டனே ஆனாரு, 1754ல கடலை விட்டதும் உடம்பு சரியில்லாமதான், மனசு மாறி இல்ல. பாட்டு 1773 புத்தாண்டுக்கு வந்துச்சு, அந்த வியாபாரத்தை எதிர்த்து வெளிப்படையா எழுதினது 1788ல, அதுலயும் இந்த அறிக்கை ரொம்ப லேட்டுன்னு அவரே ஒத்துக்கிறாரு. புயல்ல இருந்து கணக்குப் பாத்தா 40 வருஷம், அவர் கப்பல்ல அடிமைகளா போன ஜனங்களுக்கு இந்தப் பாட்டு என்ன ஆறுதல் சொல்லும்? எனக்கு இதுக்கு பதில் கிடையாதுங்க. எனக்கு வரி வசூலிக்கிற சகேயுவைத்தான் பிடிக்கும், லூக்கா 19ல அந்தாளு ஒரு வரிகூட பாடல, யார்கிட்டயாவது ஏமாத்தி வாங்கியிருந்தா நாலு மடங்கா தரேன்னு நின்ன எடத்துலயே கணக்கு சொல்லிட்டாரு.